ரோஸி காட்டிய ஆள்

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் வாட்ச்மேன் சம்பத்தை வயிற்றில் குத்திக் கொன்றுவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள்தான் உப்புத்தோல் கிடங்கின் வாசலில் உடலைப் பார்த்தார்கள். வேலூரிலிருந்து ஏட்டு கோதண்டராமன் மோப்ப நாய் ரோஸியுடன் வந்து சேர்வதற்குள் உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பையை நீட்டினார். அதில் ரத்தம் காய்ந்த கட்டம்போட்ட துண்டு இருந்தது. குத்தினவன் விட்டுப்போனது என்றார். கோதண்டராமன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ரோஸியைக் குட்டியிலிருந்து பழக்கியவர் அவர். ஆயுதப்படை மைதானத்தில் ஒரு போலீஸ்காரரின் கைக்குட்டையை அவளுக்கு முகரக் கொடுப்பார். கூட்டத்தில் ஒளிந்து நிற்கும் அந்த ஆளைத் தேடிப் போய் எதிரே உட்கார்ந்து குரைத்தால் அவளுக்குப் பந்து கிடைக்கும். சத்துவாச்சாரிப் பள்ளிக்கூடங்களில் இதையே வேடிக்கையாகக் காட்டுவார்கள். கைக்குட்டைக்காரரை மைக்கில் திருடன் என்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ரோஸி காட்டுகிற ஆள் திருடன் என்பது கேட்டுக் கேட்டுக் கோதண்டராமனுக்கும் பழகிப்போயிருந்தது.

சுண்ணாம்புத் தொட்டிகளின் நாற்றத்தில் ரோஸி ஒருமுறை தடுமாறினாள். பிறகு வாரை இழுத்துக்கொண்டு பின்கேட் வழியாக ஓடினாள். பின்னாலேயே தொழிலாளிகளும் சம்பத்தின் உறவினர்களும் ஓடிவந்தார்கள். கழிவுநீர்க் கால்வாயைத் தாண்டியதும் ஒரு சந்து. அங்கே ஓட்டு வீட்டு வாசலில் நின்றிருந்த ஒருவர் முன்னால் ரோஸி உட்கார்ந்து குரைத்தாள்.

அவர் சமீருல்லா. அதே தொழிற்சாலையில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டுகிறவர். கொடியில் அவருடைய சட்டை ஈரமாகத் தொங்கியது. துவைத்தும் மார்பில் கறை போகவில்லை.

சட்டையைப் பார்த்த பிறகு கூட்டம் யாரையும் கேட்கவில்லை. சம்பத்தின் மகன் ஹேமந்த் உருட்டுக்கட்டையை ஓங்கி அவர் வாயிலேயே அடித்தான். பற்கள் தெறித்தன. விழுந்தவரை வயிற்றிலும் முகத்திலும் மிதித்தார்கள். மனைவி நசீமுன்னிசா குறுக்கே விழ, அவள் தலைமுடியைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துத் தள்ளினார்கள். தடுக்கப் போன சப்-இன்ஸ்பெக்டரின் மண்டையில் செங்கல் விழுந்தது. அவர் ஜீப்புக்கு ஓடி வயர்லெஸ்ஸில் ஆள் கேட்டார்.

"எங்கப்பா இன்னாடா பண்ணாரு உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான் ஹேமந்த்.

ரத்தம் கொப்பளிக்கும் வாயால் சமீருல்லா ஏதோ சொன்னார். கிட்டே நின்ற கோதண்டராமனுக்கு மட்டும் அது கேட்டது.

"உசுரு இருந்துச்சு சார். துண்டால கட்டுதான் போட்டேன். என் கையிலயே போய்ட்டாரு... பயந்துட்டேன்."

ரோஸி பொய் சொல்லவில்லை. துண்டுக்குச் சொந்தக்காரரைத்தான் காட்டியிருக்கிறாள். அவர் செய்தது கொலையா உதவியா என்று காட்ட அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் கோதண்டராமன்தான்.

அவர் சமீருல்லாமேல் குப்புறக் கவிழ்ந்தார். தலைமாட்டைக் காட்டி ரோஸிக்கு, "ஸ்டே" என்றார். அவள் போய்ச் சமீருல்லாவின் தலையை மறைத்து நின்றாள். கடிக்கப் பழக்காத நாய் அது. கட்டை கோதண்டராமனின் தோளை உடைத்தது. அடுத்த அடி ரோஸியின் முன்னங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவள் ஊளையிட்டாள், ஆனால் நகரவில்லை.

கணவனைக் கொன்றவன் பிடிபட்டான் என்று கேட்டு, சம்பத்தின் மனைவி மீனாம்பாள் அந்த நேரத்தில் ஓடிவந்தாள். காலையில் உடல் பக்கத்தில் இருந்தவள் அவள். கோதண்டராமன் தலையைத் தூக்கினார்.

"அம்மா, அந்தத் துண்டு எங்க கெடந்துது?"

"கெடக்கல. வயித்தச் சுத்தி இறுக்கிக் கட்டி இருந்துச்சு. எஸ்.ஐ. வர்றதுக்கு முன்னயே போலீஸ்காரங்க அவுத்துட்டாங்க." அவள் கீழே கிடந்தவரைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். "இவரா கட்டுனது?"

ஹேமந்த் மறுபடி கட்டையை ஓங்கினான். மீனாம்பாள் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"குத்துனவன் கட்டுப் போடுவானாடா? கட்டுனது யாருன்னு காலைலேர்ந்து கேக்குறேன். ஒருத்தனும் சொல்லல."

அவள் மண்ணில் உட்கார்ந்து சமீருல்லாவின் முகத்துக்குக் குனிந்தாள்.

"எதனா சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேம்மா. ரெண்டு வாய் குடிச்சாரு."

மீனாம்பாள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பின்னால் நின்றவர்கள் நழுவத் தொடங்கினார்கள். சாகிறவனுக்குக் கொடுத்த அந்த இரண்டு வாய்த் தண்ணீரைக் கடவுள் வீணாகப் போகவிடவில்லை.

தெருமுனையிலிருந்து ஆட்டோ வந்தது. ஹேமந்தின் கையிலிருந்து கட்டை எப்போதோ விழுந்திருந்தது. தூக்கு என்று அம்மா சொன்னாள். அவன் தூக்கினான். சமீருல்லாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவனே ஆஸ்பத்திரிக்குப் போனான். அவனை அங்கேயே கைது செய்துகொள்வதாக, ஜீப்பிலிருந்து திரும்பிவந்த சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். மீனாம்பாள் தடுக்கவில்லை. குத்தினவன் யார் என்று இனித்தான் தேட வேண்டும்.

சந்து காலியானது. ரத்தம் ஊறிய மண்மேல் ரோஸி மூன்று காலில் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். போதும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கோதண்டராமன் உடையாத கையால் அவளை அணைத்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. நசீமுன்னிசா வந்து, அவிழ்ந்த தலையோடு, நாயின் பின்பாதியைப் பிடித்தாள். இருவருமாக, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட இருந்த ஜீப் வரைக்கும் தூக்கிப் போனார்கள்.