ஈறின் நிறம்

ஷண்முகப்ரியாவின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்ததுமே டாக்டர் ஷெரில் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். முன்பல்லுக்கு மேலே, ஈறு இருக்க வேண்டிய இடத்தில், அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சீழாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே கருவியின் நுனியால் தொட்டாள். டக்கென்றது. எலும்பு.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். அங்க ஒண்ணுமே தெரியல."

வலித்திருந்தால்கூடத் தேவலை, உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஈறின் கறுப்பை எடுக்க லேசர் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள், வடபழனியில் மண்டபம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு லட்சணந்தான், சிரிச்சா ஈறுதான் கருப்பு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறாள். கறுத்த ஈறு நோயே இல்லை, பாதி ஊருக்கு அப்படித்தான். ஆனால் அத்தை வாய்க்கு மருந்து கிடையாதே, பெண்ணின் வாய்க்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள், மகளை ராஜா அண்ணாமலைபுரத்து இந்த கிளினிக்குக்கு அழைத்து வந்தது அதற்குத்தான்.

லேசர் வைத்த அன்று பேச்சியம்மாள் வெளியே உட்கார மாட்டேன் என்று ஷெரிலின் தோளருகிலேயே நின்றாள். "டாக்டரம்மா, அந்தா அங்கன ஒரு புள்ளி இருக்கு பாருங்க." ஷெரில் அங்கே லேசர் முனையை வைத்தாள். "போகலியே, இன்னும் கொஞ்சம்." மறுபடி வைத்தாள். முனையை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது, ஈறு மெல்லிசு, சூடு நேரே எலும்புக்கு இறங்கிவிடும் என்பதெல்லாம் அவள் படித்துப் பாஸானதுதான். ஊசி போட்டு மரத்த வாய், சுடுகிறது என்று சொல்லாது. கருகல் வாடை வந்தது. அவள் மூக்கு அதை நன்றாகவே அறிந்தது. அப்படியும் அம்மாக்காரி திருப்தியாகத் தலையாட்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

இப்போது எழுந்து உள்ளறைக்குப் போனாள். கிளினிக் ஸ்ரீவத்சனுடையது. படிப்பை முடித்த கையோடு அவளுக்கு வேலை கொடுத்தவர், ஒருநாளும் கடிந்து பேசாதவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பதறாதே. இன்ஃபெக்‌ஷன்னு சொல்லு. பொண்ணு சரியா வாய் கொப்பளிக்கலேன்னு சொல்லிட்டு மாத்திரை எழுது. கல்யாணம் ஆயிடட்டும்."

"சார், சூட்டுல எலும்பு செத்துப்போச்சு. இது இன்ஃபெக்‌ஷன் இல்ல."

"அது நமக்குத் தெரிஞ்சாப் போறும். வெளியில தெரிஞ்சா முதல்ல போறது உன் பேருதான்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. திரும்பி வருகிற பத்தடி தூரத்தில், அந்தப் பொய்யை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரளமாகவே வந்தது.

அவள் வாயைத் திறக்கும் முன்பே, மகளின் பக்கத்தில் நின்றிருந்த பேச்சியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "இவ ஒழுங்கா வாய் கொப்பளிச்சிருக்க மாட்டா, அதானே டாக்டரம்மா? சோம்பேறி. ஏட்டி, எத்தன மட்டம் சொன்னேன்?"

"அஞ்சு வேளையும் கொப்பளிச்சேன்மா." ஷண்முகப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா."

வாயால் சொல்லக்கூட வேண்டாம், ஷெரில் தலையை ஆட்டினாலே போதும். பொய்யைத் தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது. ஷெரில் கையுறையைக் கழற்றினாள்.

"அவ மேல தப்பில்லம்மா," என்றாள். "நான் சுட்டுட்டேன். லேசர ஒரே எடத்துல வச்சிட்டேன், உள்ள எலும்பு வரைக்கும் வெந்துடுச்சு."

பேச்சியம்மாள் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று ஷெரில் காத்திருந்தாள். திட்டவில்லை. "எட்டு நாளைக்குள்ள சரியாயிருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆகாதும்மா. செத்த எலும்ப எடுத்துட்டு, அப்புறம் வேற எடத்துலருந்து ஈறு எடுத்து வச்சுத் தைக்கணும். மாசக்கணக்காகும்."

ஷண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். உதட்டைத் திறக்காமல் சிரித்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மறுபடியும் சிரித்தாள்.