‘வரேன்’ என்று முடிக்கக் கூடாத கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. எழுதியவன் நான். பெறுநர்: எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மா. பொருள்: மாடியில் குடியிருப்பவரின் நாய் காலை பத்து மணியிலிருந்து குரைத்துத் தொலைப்பது குறித்து. (‘தொலைப்பது’ என்பதை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அடித்த பிறகும் நன்றாகவே தெரிந்தது.)

கொடுத்த பத்தாம் நாள் மாலை, என் தலைக்கு மேலே ஒரு பெண்குரல் “போயிட்டு வரேன்” என்றது. நாய் குரைத்தது. சரி, கிளம்புகிறாள் என்று படியில் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வெங்காயம் நறுக்கும் சத்தம் வந்தது. மறுபடி “போயிட்டு வரேன்.” குழாய் திறக்கும் சத்தம். “போயிட்டு வரேன்.” ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தேழு முறை. எண்ணினேன். ஒருவரும் படியிறங்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடமாக எழுதுகிறேன், ஒரு கதை தானாகவே கூரை வழியாக இறங்கி வந்து காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை. அதுவும், பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தினமும் போன் போட்டுக் கதை எங்கே, கதை எங்கே என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். அப்போதே பேனாவைத் திறந்தேன்.

2

முதல் தொடக்கம்: “அவள் போகவில்லை. ஆனால் போய்க்கொண்டே இருந்தாள்.”

[சே. கதையா இது, விடுகதையா?]

இரண்டாம் தொடக்கம்: “கணவனைவிட்டுப் பிரிந்துபோகத் துணிந்த ஒருத்தி, வாசல்வரை வந்து வந்து”

[இதை மூன்று பக்கம் எழுதினேன். “தொரைக்கு இன்னிக்குப் பசியில்லையோ?”, “தொரை எங்கூடப் பேச மாட்டாரோ?” என்று அவள் கேட்பதெல்லாம் என் காதில் விழுந்திருந்தது. மேலே ஒரு சிடுமூஞ்சிக் கணவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே முடிவுகட்டிவிட்டேன். அவருக்கு மீசைகூட வைத்தேன்.]

மூன்றாம் தொடக்கம்: அழைப்புமணி அடித்தது.

[இது நிஜமாகவே அடித்தது. எழுதிக்கொண்டிருந்த கதையின் நாயகி வாசலில் நின்றாள்.]

3

“அண்ணா, நீங்க பகல் முழுக்க வீட்லதான இருக்கீங்க?”

“எழுதிட்டு இருப்பேன்.”

“அதான், வீட்லதான இருக்கீங்க.”

நாலு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. பேசும்போதே என் மூக்கின் நுனியில் தொங்கிய கண்ணாடியை ஒருமாதிரிப் பார்த்தாள். நான் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டேன்.

தொரை என்பது நாய்தான். பெயர் வைத்தவள் அவளுடைய தங்கை. வந்த அன்றைக்கே சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்ததாம். “தொரைக்கு வேற என்ன வேணும்?” என்று தங்கை கேட்டாள், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தங்கைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை என்பதால் தொரை ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. மூன்று மாதம் முன்பு அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று, “போயிட்டு வரேன் தொரை” என்றாள். அன்றிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவன் கதவைப் பிறாண்டிக்கொண்டு குரைக்கிறான்.

“யாரோ புகார் எழுதிக் குடுத்திருக்காங்களாம்ணா. ஒம்பது நாள் டைம் குடுத்திருக்காங்க ஓனரம்மா. சனிக்கிழமை வந்து உங்ககிட்டதான் எழுதி வாங்குவாங்களாம், குரைக்கறானா இல்லையான்னு. குரைச்சா அனுப்பிடணும். ஒரு குடோன்ல காவலுக்குக் கட்டிப் போடக் கேக்கறாங்க. சங்கிலில.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “சோபாவ விட்டு எறங்காதவன்ணா அவன்.”

அவளுக்கு ஒரு உதவி வேண்டும். அவள் கடையில் இருக்கும் நேரத்தில் தொரை எப்போது குரைக்கிறான், எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்க வேண்டும்.

“நீங்க எழுதறவங்கதான” என்றாள்.

[‘அந்த யாரோ நான்தான்’ என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டீ குடிக்கிறீங்களா?”]

4

இனி வருவது அவள் என் மணியை அடிப்பதற்கு முன்பு மாடியிலும் கடையிலும் நடந்தது. நான் பார்க்கவில்லை. பாதி அவள் சொன்னது, பாதி கூரை சொன்னது.

நாய் டாக்டர் மருந்து எதுவும் தரவில்லை, ஒத்திகை பார்க்கச் சொன்னார். சாவியை எடு, போகாதே, திரும்ப மாட்டு. செருப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படி. கதவைத் திறந்து மூடிவிட்டு உள்ளேயே நில். பிறகு வெளியே ஐந்து விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம். அவன் பதறுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். போகும்போது கொஞ்சல் கூடாது, வரும்போது கும்மாளம் கூடாது.

“நீங்க போறது ஒரு விஷயமே இல்லன்னு அவனுக்குத் தோணணும். வாயத் தெறக்காம கெளம்புங்க” என்றார் டாக்டர்.

எல்லாம் செய்தாள். ரப்பர் பந்தின் ஓட்டைக்குள் சாப்பாட்டை அடைத்து, அவன் நோண்டித் தின்றுகொண்டிருக்கக் கொடுத்தாள். வாயைத் திறக்காமல் கிளம்புவது மட்டும் அவளால் முடியவில்லை. ஒருநாள் ஓசைப்படாமல் இறங்கித் தெருமுனைவரை போய்விட்டாள். அங்கே கால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் ஒரு வீட்டைவிட்டு அவள் கிளம்பியதில்லை. விறுவிறுவென்று திரும்பி வந்து, கதவைத் திறந்து, “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினாள். தொரை தெருவையே கூட்டிவிட்டான்.

“வெறுமனே ‘போறேன்’னு சொல்லிப் பாரேன்” என்றாள் கடையில் கூட வேலை செய்பவள்.

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று எரிந்து விழுந்தாள் இவள். ‘போறேன்’ என்று யாராவது சொல்வார்களா? திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவர்கள்கூடச் சொல்வதில்லை. தங்கையும் ‘வரேன்’ என்றுதான் சொன்னாள். போய் மூன்று மாதமாகிறது, எப்போது வருவாள் என்று இன்னும் ஒரு பேச்சில்லை.

[இங்கே அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். “அழல்லாம் இல்லண்ணா. கோவம்தான் வந்துச்சு” என்றாள். அடித்துவிட்டேன்.]

அன்று கடைக்கு வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். இவளுக்குச் சந்தேகம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடிக்கொண்டும் ஒப்பித்தார். வருடக்கணக்கில் வந்து வந்து மனப்பாடம் ஆகிவிட்டது, எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. சாவியும் செருப்பும் அவனுக்குப் பழகிப்போனதுபோல அந்தச் சொல்லும் பழகிப்போனால் என்ன?

அன்று மாலை வெங்காயம் நறுக்கியபடியே தொடங்கினாள். போகவில்லை, சொன்னாள். பன்னிரண்டாவது முறைவரை குரைத்தான். முப்பதாவது முறை காதை மட்டும் ஆட்டினான். நாற்பத்தேழாவது முறை கொட்டாவி விட்டான்.

5

என் குறிப்பேட்டிலிருந்து:

முதல் நாள். 10.05 முதல் 10.40 வரை. பிறகு 11.20க்கு ஆறு நிமிடம்.

இரண்டாம் நாள். 10.05 முதல் 10.15 வரை. 11.20க்கு ஏழு நிமிடம்.

மூன்றாம் நாள். காலையில் ஒரே ஒரு குரைப்பு, அதுவும் கடமைக்கு. 11.20க்கு எட்டு நிமிடம்.

நான் துள்ளிக் குதிக்காத குறை. காலைக் குரைப்பு தேய்ந்துகொண்டே வருகிறது, அவள் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இந்தப் பாழாய்ப்போன 11.20 மட்டும் வளர்கிறதே, ஏன்? எழுத்தாளன் மூளை சும்மா இருக்குமா? தங்கையின் விமானம் புறப்பட்ட நேரம் அதுதான் என்று அருமையான விளக்கம் ஒன்று கண்டுபிடித்தேன். இரண்டு பத்தி எழுதியும்விட்டேன். அவளிடம் கேட்டேன்.

“அது சாயங்காலம்ணா” என்றாள்.

[இரண்டு பத்தி குப்பைக்குப் போனது. நல்ல பத்திகள்.]

நான்காம் நாள் 11.20க்குப் பேனாவும் கையுமாகக் காத்திருந்தேன். போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எங்கள் வீட்டில் ஜன்னலருகே நின்றால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆகவே வழக்கம்போல ஜன்னலில் நின்று கத்தினேன். கதை அருமையாக வருகிறது என்றேன், ஒரு நாயைப் பற்றியது என்றேன். கடைசியில், எப்போதும் சொல்வதுபோல, “சரி, அப்ப நான் வரேன்!”

“போன்ல எங்கய்யா வர்றீங்க?” என்று எப்போதும்போலக் கேலி செய்தார் அவர்.

மேலே தொரை தொடங்கினான்.

போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். ‘வைக்கிறேன்’ என்று எனக்கு வாயில் வராது, எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லி வளரவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் 11.20க்கு, ஜன்னலில் நின்று, தனியாக இருக்கிற ஒரு நாயிடம் ‘வரேன்’ என்று நான்தான் கத்தியிருக்கிறேன். அது குரைத்தது என்று புகார் எழுதிக் கொடுத்தவனும் நானேதான். புகாரின் பாதிக்குச் சொந்தக்காரன் நான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், வெட்கத்தோடு வெட்கமாக உள்ளுக்குள் ஒரு குதூகலம். கதை கிடைத்துவிட்டது.

6

அன்று மாலையே மாடியேறினேன். 11.20ஐச் சொன்னேன், போனைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிதத்தையும் சொன்னேன்.

அவள் வெங்காயத் தோலைக் கூட்டித் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ணா.”

“எப்படி?”

“ஓனரம்மா கடிதத்தக் காமிச்சாங்க. பேர மடிச்சு மறைச்சிருந்தாங்க. ஆனா வரியெல்லாம் கோட்ட விட்டு மேல ஏறி ஏறிப் போயிருந்துச்சு. கிட்டத்துல இருக்கறதப் பாக்கக் கண்ணாடி பவர் பத்தாம, ஓரமாச் சாஞ்சு உத்துப் பார்த்து எழுதினாத்தான் அப்படிப் போகும். இந்த வீட்ல மூக்கு நுனியில கண்ணாடி போட்டுக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அப்புறம் ஏன் என்கிட்டயே வந்தீங்க?”

“குரைக்கறத இவ்ளோ கவனமாக் கேட்டவரு, நிறுத்தறதயும் கேப்பாருன்னுதான்.” பிறகு, “கடைக்கு வாங்க, பவர் பாத்துடலாம். இப்ப உக்காருங்க. இவன்கிட்ட உங்க குரல்ல சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். சோபாவின் முக்கால்வாசியில் தொரை. மிச்சத்தில் நான்.

“வரேன்” என்றேன். எழுந்து நின்று குரைத்தான். “வரேன்.” குரைத்தான். “வரேன், வரேன், எங்கயும் போகல, வரேன்.” வாழ்க்கையில் இத்தனை முறை சொல்லிவிட்டு ஓரிடத்திலேயே உட்கார்ந்திருந்தது இல்லை. ஐந்து மாலை இப்படி. ஐந்தாம் மாலை என் மடிமேல் தலையை வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்லத் தூங்கிப்போனான். கால் மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை.

7

முடிவு அ: சனிக்கிழமை எல்லாம் சுபம், கூடவே தங்கையும் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள்.

[தங்கையை வரவழைக்க என்னால் ஆகாது. அதற்கு அவள் மனசு வைக்க வேண்டும்.]

முடிவு ஆ: குடோன். இரும்புச் சங்கிலி. ஒரு தகரத் தட்டில்

[எழுத மனசு வரவில்லை.]

எனவே நடந்ததை நடந்தபடி. சனிக்கிழமை பத்தரைக்கு உரிமையாளர் அம்மா வந்து என் ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாடிக்காரி கடைக்குப் போய்விட்டாள். மேலே தொரை தன்னந்தனியாக. பதினொன்று. சத்தமில்லை. 11.20க்குப் போன் அடித்தது. எடுத்தேன்.

“கதை எங்கய்யா?”

“முடிஞ்சுட்டே இருக்கு. வைக்கிறேன்” என்றேன். நாக்கு ஒருமுறை தடுக்கியது. மறுமுனையில் ஆசிரியர் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கும்போதே வைத்துவிட்டேன். மேலே மூச்சில்லை.

“ஈ காக்கா சத்தம்கூட இல்லையே” என்றார் அம்மா. அவர் நீட்டிய தாளில், ‘நாய் இப்போது குரைப்பதில்லை. முன்பு குரைத்ததற்குப் பாதிக் காரணம் கையொப்பமிட்டவனே’ என்று எழுதினேன். புதுக் கண்ணாடி. வரி நேராக ஓடியது.

“இதென்ன பாதிக் காரணம்?”

“அது பெரிய கதைங்கம்மா.”

“சரி. நான் வாசல் கேட்டைத் தாண்டற வரைக்கும் சத்தம் வரலைன்னா இது என் ஃபைலுக்குப் போகும். வந்துச்சுன்னா இங்கயே கிழிச்சிடறேன். ஒரு பேச்சு பேச மாட்டேன்.”

தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்டுக்கு நேர்மேலே மாடி ஜன்னல், கம்பிக்குப் பின்னால் தொரையின் மூக்கு. கேட்டின் தாழை விலக்கினார். என் நெஞ்சு குதித்தது, பத்து வயதில் ஓட்டப்பந்தயக் கயிற்றைத் தொடப்போகும்போது குதித்ததே, அப்படி. இன்னும் ஓரடிதான்.

அப்போது அவர் நின்றார். திரும்பினார். அவரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வளர்ந்தவர் இல்லையே. நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. தொரை அவள் குரலுக்குப் பழகிவிட்டான், என் குரலுக்குப் பழகிவிட்டான். இந்தக் குரலில் அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை. மாடி ஜன்னலில் ஒரு காது நிமிர்ந்தது. அம்மா வாயைத் திறந்தார்.

“சரி தம்பி, அப்ப நான்

[இங்கேயே நிறுத்திவிட்டேன். மேற்கோள் குறியைக்கூட மூடவில்லை. மிச்சம் ஒரே ஒரு சொல், அது உங்களுக்கும் நுனிநாக்கில் நிற்கிறது என்று தெரியும். முடிக்கத்தான் வேண்டும் என்றால் மனசுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலும் அவனுக்குப் புதிது.]