கையைப் பார்த்துக்கொண்டவன்

சியென்ஃபுவேகோஸ் நகரப் பூங்காவில் காலை ஒன்பது மணிக்கே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பேஸ்பால் மைதானச் சுவரில் ஒரே ஒரு பந்துவீச்சாளரின் பெயரைத்தான் எழுதுவார்களாம். ஓஸ்மெலா, ரெய்னேரியோ என்கிற நானா? பூங்காக் கூட்டம் முடிவு சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தச் சுவர் வேண்டும். எழுபத்திரண்டு வயதில் வெட்கமென்ன! ஆனால் இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

"ஓஸ்மெல் அண்ணன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி ஒரு ரன்தான் விட்டாரு" என்றான் முடிதிருத்தும் யாடிர். "அவர் போட்டா பேட்டு காத்தைத்தான் அடிக்கும்."

"எத்தனை வருஷம்? மூணு!" அர்செனியோ தன் புள்ளிவிவர நோட்டைத் தட்டினான். "ரெய்னேரியோ இருபத்தோரு வருஷம்டா. இருநூத்திப் பன்னெண்டு வெற்றி."

"நூத்தித் தொண்ணூறு தோல்வியையும் சேர்த்துப் படிங்கண்ணே. மாடுகூடத்தான் வருஷம் பூரா உழுவுது."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து பெஞ்சில் இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்த ஓஸ்மெலும் சிரித்தான். அவன் வலது கை தோளுக்கு மேல் எழாது. நாங்கள் ஆட வந்த நாலாவது வருஷம் போனது.

"கை மட்டும் போகலேன்னா..." யாடிர் இழுத்தான்.

"போச்சுல்ல? கையைப் பாத்துக்கறதும் திறமைதான்டா. ரெய்னேரியோ பாத்துக்கிட்டான்" என்றான் அர்செனியோ.

ஓட்டுப் போட்டார்கள். எனக்குத்தான் அதிகம். எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்கப்பா" என்றேன். "இவன் கை போன அன்னிக்கு சாண்டா கிளாரா டீமோட ஆட்டத்துல வீச வேண்டியவன் நான். தோள் வலிக்குதுன்னு கோச்கிட்ட சொன்னேன். வலியே இல்ல. என் பந்தை அடிச்சு நொறுக்கிடுவாங்கன்னு பயம். நம்ம ஆளுங்க கை அறுந்தாலும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, அதான் உடனே நம்பிட்டாரு. முந்தின நாள் வீசிட்டு ஒரு நாள்கூட முழுசா ஓய்வில்லாத ஓஸ்மெலை இறக்கினாங்க. ஏழாவது இன்னிங்ஸ்ல அவன் கை போச்சு."

அர்செனியோ நோட்டை மூடினான்.

"தெரியும்டா" என்றான் ஓஸ்மெல். "அன்னிக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ல உன் பையைப் பந்து வீசற வலது கையாலதான் மேல தூக்கி வெச்சே."

"ஏன்டா கேக்கல?"

"நீயா சொல்லணும்னு இருந்தேன். உன்னோட ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்சதும் மைதான வாசல்ல வந்து நின்னேனே, எதுக்குன்னு நெனச்சே?"

வாழ்த்துச் சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நான் ஆடிய பதினேழு வருஷமும் கையசைத்துவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.