கதவோரத்துப் பாய்

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது எங்கள் ஊர் வடக்கனந்தலில் துக்கம் விசாரிக்க வராத ஆளில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து உட்கார்ந்து, என் வயிற்றையே பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. வருஷக்கணக்காக மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கோடு அல்லாடியவள் நான். பஸ்ஸில் சீட்டில் உட்கார பயம், கரும்பு வெட்ட வந்த ஆட்களுக்குக் குனிந்து சோறு போட பயம். கட்டியோடு சேர்த்து அந்தப் பையை எடுத்துப்போட்ட கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் ஒப்பாரி வைக்காத குறை.

அதிலும் என் நாத்தனார் ஜெயம்மாள் இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

“இனிமே நீ ஆம்பள மாதிரிதான் கலையரசி. அந்த நெனப்பெல்லாம் வத்திப்பூடும். தையலு பிரிஞ்சா உசுருக்கே ஆபத்து, ஒதுங்கியே இருடான்னு தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள்.

தம்பி என்பது என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நான் குடம் தூக்கக்கூடாது என்றதும் தண்ணீர் பிடித்தார், துணி துவைத்தார், உப்பை அள்ளிக் கொட்டிக் குழம்பு வைத்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்து எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார். ஆனால் அப்போதெல்லாம் அவர் கை பட்டால் என் உடம்பு சுருங்கிக்கொள்ளும். ஆசை என்பது மருந்துக்கும் இல்லை. ஜெயம்மாள் சொன்னது சரிதான் போல என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல நாளில் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே இரண்டு பாயும் சேர்ந்து கிடக்கும். தூரமான நாளில் நான் என் பாயை மூட்டை அறைக் கதவோரம் போட்டுக்கொள்வேன். அதைப் பார்த்தால் அவர் ஒன்றும் கேட்காமல் தலையணையை எடுத்துக்கொண்டு கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லிக்கொடுத்தது. இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் வாய் திறந்து பேசியதே இல்லை. பேசவேண்டிய வேலையைப் பாய் பார்த்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொஞ்ச காலம் கட்டிலில் படுத்தேன். பிறகு பாய்க்கு மாறினேன். அவர் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் மரவள்ளிக் கொல்லைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பம்புசெட்டுத் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தார். முதுகில் தண்ணீர் வழிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்த முதுகுதான். ஆனால் அன்றைக்கு என் அடிவயிற்றில் என்னவோ குறுகுறுத்தது. அடியம்மா, வற்றிப்போகும் என்றாளே! எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது. வலி வருமோ, புடவை நனையுமோ, நாள் தள்ளிப்போகுமோ என்ற எந்தப் பயமும் இல்லாமல் ஓர் ஆசை வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அன்றைக்குத் தலைகுளித்து மல்லிப்பூ வைத்துக்கொண்டேன். மனுஷர் சாப்பிட்டார். பூ முழம் என்ன விலை என்று கேட்டார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயேவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பாத்திரம் மிச்சமில்லை, எல்லாவற்றையும் உருட்டினேன். மறுநாள் அவர் டீயில் சர்க்கரை போடவில்லை. அதையும் அப்படியே குடித்துவிட்டு எழுந்துபோனார். பிறகு உட்கார்ந்து அழுதேன். இவரும் என்னை ஒன்றுமில்லாதவள் என்று ஒதுக்கிவிட்டார், பொழைத்து வந்தும் பெண்டாட்டியாக இருக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிக்குச் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு உள்தையல் நன்றாக ஆறிவிட்டது, சினைப்பை இரண்டும் அப்படியே இருக்கின்றன என்றார். பிறகு, ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“அவரையே கேளுங்க டாக்டர். மோட்டார் கொட்டாயிலதான் குடித்தனமே” என்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

“இவதாங்க டாக்டர் இன்னும் கதவாண்ட பாய் போட்டுக்கினு இருக்கா. வலிக்குதோ இன்னாவோன்னு நானும் கம்முனு இருக்கேன்.”

எந்தப் பாய் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பூ வைத்தேன், புடவை மாற்றினேன். பாயை மட்டும் பழக்கத்தில் கதவோரத்திலேயே போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தையல் பிரியாதா என்று இவர் பயந்து பயந்து கேட்டார். பிரியாது, அவசரப்படாமல் இருங்கள், உலர்ந்திருந்தால் தடவிக்கொள்ள ஜெல் தருகிறேன், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. சில பேருக்கு ஆசை குறையும், சில பேருக்குக் கூடும், இரண்டும் வியாதி இல்லை என்றும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் பயமில்லாமல் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் வெளியே கரும்பு லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேட்டா நீ சரின்னுடுவ. முன்னெல்லாம் பல்லக் கடிச்சிக்கினு சரின்னவதான நீ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதான், நீயா பாய எடுத்தாந்து போடட்டும்னு இருந்தேன்.”

இவரையா மனசுக்குள் மரக்கட்டை என்று திட்டினேன். பஸ் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, பொழுதிருக்கவே பாயை எடுத்து உதறி, ஃபேனுக்குக் கீழே அவர் பாயோடு சேர்த்துப் போட்டேன். மாட்டைக் கட்டிவிட்டு வந்தவர் அதைப் பார்த்து அப்படியே நின்றார். கொட்டகைக்குப் போகப் பழக்கத்தில் எடுத்த தலையணையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“வலிச்சா சொல்லுவியா?” என்றார்.

“சொல்றேன்.”

“சத்தியமா?”

அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்றைக்கு ஒரு தடவை வலிக்கிறது என்று சொன்னேன். உடனே நிறுத்திவிட்டார். இருவரும் சும்மா படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நானேதான் அவரைக் கூப்பிட்டேன்.