முன்னால் போய்ப் படுக்கும் குட்டி

குறிஞ்சிப்பிட்டியில் நாய்க்குத் தகப்பன் பெயர் கேட்கிற வழக்கம் இல்லை. குட்டி வேண்டுமென்றால் தாய் வேலை செய்வதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நிக்கொலஸ் இதில் ஒரு படி மேலே போனவன். தன் பெட்டை நாய் செம்பியின் தாய், அதன் தாய், அதற்கும் தாய் என்று மூச்சுவிடாமல் சொல்லுவான். மிளகாய்த் தோட்டத்துக்குள் கழுதை புகுந்தால் அந்த வம்சம் குரைக்காது. பின்னால் போய்க் குதிகாலில் ஒரே கடி. கழுதை பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

அந்தப் பெருமைதான் அவனைக் கெடுத்தது. செம்பி இணை தேடும் காலத்தில், கண்டக்குழி விடுதி ஒன்றில் நின்ற ஜாதி நாயைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தான். பக்கத்துத் தோட்டத்து மீராசாஹிபின் காவல் நாய் கறுப்பன் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெறும் ஊர் நாய் இரத்தம் கலந்துவிடுமே என்ற ஆத்திரத்தில் வேலிக்கம்பைப் பிடுங்கிப் போட்டான் ஒரு போடு. வெருட்டத்தான் நினைத்தான். கறுப்பன் முதுகு ஒடிந்து, இழுத்து இழுத்துத் தன் தோட்டத்துக்குப் போய்ச் செத்தது. டிப்பர் லொறி அடித்திருக்கும் என்று மீராசாஹிப் நம்பினார். நிக்கொலஸ் வாயைத் திறக்கவில்லை.

செம்பி குட்டி போட்டதும், நிக்கொலஸ் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் அவரே வந்து ஒன்று கேட்டார். வீட்டுப் பக்கம் நாயை அண்டவிடாத மனிதர். தோட்டக் காவலுக்கு மட்டும் ஒன்று வைத்திருப்பார், அதையும் தொடாமல்தான் சோறு வைப்பார். இருந்ததில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தான் நிக்கொலஸ். அதோடு மனசு ஆறிவிடும் என்று நினைத்தான். எங்கே ஆறியது?

குட்டி வளர்ந்த பிறகு ஒரு காலை மீராசாஹிப் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"நிக்கொலஸ், ஓடி வாங்க, இவன்ட வேலையப் பாருங்க!"

கத்தரிப் பாத்திக்குள் ஒரு கழுதை நின்றது. குட்டி அதன் பின்னால் போகவில்லை. சுற்றி ஓடி, மூக்குக்கு நேர் எதிரே மண்ணோடு மண்ணாகப் படுத்து முறைத்தது. கழுதை தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தது. குட்டியும் வயிற்றால் ஊர்ந்து முன்னேறியது. செம்பியின் வம்சத்தில் இப்படி ஒன்றும் செய்ததில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இப்படிச் செய்த நாய் கறுப்பன் ஒன்றுதான். அடி விழுவதற்கு முன்பே கறுப்பன் வேலிக்குள் வந்துபோயிருக்கிறது. நிக்கொலசுக்குக் காது மடல்வரை சுட்டது.

"உங்கட செம்பி காலத்தான் புடிக்கும். இது என்ட கறுப்பன்ட புள்ள," என்றார் மீராசாஹிப். அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க ஜாதி நாயெல்லாம் கொண்டுவந்த ஆள். எண்டாலும் என்ட நாய விரட்டாம விட்டிருக்கீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்லதத் தரட்டும்."

கை நீட்டி அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். அந்த துஆவைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"டிப்பர் இல்ல நானா. நான்தான் அடிச்சது."

கழுதை வேலியைத் தாண்டிப் போய்விட்டது. குட்டி வந்து இருவருக்கும் நடுவில் நின்று வாலாட்டியது.

"கறுப்பனத் தாட்ட அண்டைக்கு," என்றார் மீராசாஹிப் கடைசியில், "'நோன்போட இருக்கீங்க, நீங்க வெட்டவாணாம் நானா' எண்டு சொல்லி, குழிய வெட்டினது நீங்கதானே?"

"ஓம், நானா," என்றான். நிமிர்ந்து அவரைப் பார்க்க அவனுக்கு முகம் இருக்கவில்லை.