கொழுந்து மாடியில் காய்ந்த மதர்போர்டு

எனக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. வேலை செய்யும் இடத்தில் காதலிக்கக் கூடாது. கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்கக் கூடாது. இரண்டாவதை விடாமல் கடைப்பிடித்து வருகிறேன். முதலாவதைப் பற்றி, ஆபீஸில் புதிதாகச் சேரும் பெண்பிள்ளைகளுக்கு நல்ல நல்ல புத்திமதி சொல்லி வருகிறேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். தேயிலை அரைக்கிற ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஆபீஸ் வேலை பார்க்கும் கிளாக்கர் நான். கோபிசங்கர் கணக்காளர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒரு வருஷமாக நாங்கள் காதலிக்கிறோம் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. ஆபீஸில் என்னை 'மிஸ்' என்பார். தலவாக்கலை பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டீரா என்று போனில் செய்தி அனுப்புவார். கேட்டால், அம்மாவுக்குப் பிரஷர், தீபாவளி கழியட்டும், கணக்கு ஓடிட் முடியட்டும் என்பார். ஒரு ஓடிட் முடிந்தால் அடுத்த ஓடிட் வந்துவிடும். சண்டை போட்டால் இரண்டு நாள் ஊமையாக இருந்துவிட்டு, ரோஜாப்பூப் படத்தோடு ஒரு குட்மோர்னிங் அனுப்புவார். அதோடு சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில், இவள் என்னுடைய ஆள் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ரிப்பேர் கடைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து, வீடியோ பார்த்து நானே பூட்டினேன். பெட்டிக்குப் பதில், லீக்ஸ் மரக்கறி ஏற்றுகிற பிளாஸ்டிக் கூடை. காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல பெட்டியை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் மூலையில் அது உட்கார்ந்திருக்கும். அம்மா சாமி படங்களுக்குப் பூசிய கையோடு அதற்கும் திருநீறு பூசிவிடுவாள்.

ஜூன் மழையில் கூரைத் தகரம் ஒழுகி, இருக்கிற இடமெல்லாம் விட்டுவிட்டு நேராக மதர்போர்டில் தண்ணீர் விழுந்தது. நான் அழுதேவிட்டேன். அப்போதுதான் கோபி முதல்முறையாக ஒரு உதவிக்கு முன்வந்தார்.

எங்கள் தோட்டத்தில் அடைமழைக் காலத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் சட்டை காயாவிட்டால், ஸ்டோர் மேல்மாடிக்குப் போகும். கொழுந்து வாட்டுவதற்காக அங்கே இரவு பகலாகச் சூடான காற்று ஓடும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். அவருடைய மழைக்கோட்டும் அங்கேதான் தொங்கும். கோபி மதர்போர்டை ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், நான் கொண்டுபோய் வைக்கிறன்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே உருகிப்போனேன். கொள்கை உள்ளவர்கள் இப்படித்தான் சீக்கிரம் உருகுவார்கள்.

மறுநாள், ஏதோ தரச் சான்றிதழுக்காகக் கொழும்பிலிருந்து வந்தவர்களை, தோட்டத்தை நிர்வகிக்கிற துரை மேல்மாடிக்கு அழைத்துப் போனார். வந்தவர்களில் ஒரு அம்மா கொழுந்துக்குள் கையை விட்டு, துணியோடு மதர்போர்டை வெளியே எடுத்தார். தேயிலைக்குள் பூச்சி, கல், முடி எல்லாம் எதிர்பார்த்து வந்திருப்பார். யூஎஸ்பி துளையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

துரை எங்கள் எல்லோரையும் மேலே கூப்பிட்டு, இதை யார் இங்கே வைத்தது என்று சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கேட்டார். நான் கோபியைப் பார்த்தேன். இதோ நாலு பேர் என்ன, நாற்பது பேர் நிற்கிறார்கள். நான்தான் வைத்தேன், ஜீவராணிக்காக வைத்தேன் என்று சொன்னால் போதும். வருகிற தண்டனையில் பாதியைச் சந்தோஷமாகச் சுமந்திருப்பேன்.

கோபி தொண்டையைச் செருமினார்.

"மிஸ், இது உங்கட வீட்டுக் கம்ப்யூட்டரின்ர போலக் கிடக்கு," என்றார்.

துரை என் பக்கம் திரும்பி, இது எப்படி இங்கே வந்தது என்றார். கோபி ஒரு பிடி கொழுந்தை அள்ளி, பிறந்ததிலிருந்து தேயிலையையே பார்க்காதவர் மாதிரி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நான்தான் சார் வச்சேன்," என்றேன்.

என்னை ஆபீஸிலிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மாற்றினார்கள். எச்சரிக்கைக் கடிதத்தை டைப் பண்ணியது கோபிதான். அதில் 'கடுமையாக' என்ற சொல்லை எனக்காகத் தைரியமாக எடுத்துவிட்டாராம். அன்று மாலையே போனில் சொன்னார். உமக்குப் பெரிய மனசு என்றும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை.

மதர்போர்டு மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது. பூட்டினேன், திரை வந்தது. அதைச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், பின்பக்கத் தேயிலைக்குள்ளால் வந்தால் ஒருவர் கண்ணிலும் பட வேண்டியதில்லை என்றார்.

"வேணாங்க. முன்பக்கமாவே வாங்க," என்றேன். "காலையில பீலியில லயமே தண்ணி பிடிக்க நிக்கும். அங்க நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

பீலியில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்டார். பிறகு, "சரி, வாறன்," என்றார்.

ஞாயிறு நல்ல வெயில். அம்மாவைக் கடலை வடை சுடச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டாள், சும்மாதான் என்றேன். வெளியே பீலியில் கூட்டம் சேர்ந்தது. பக்கத்துக் காம்பிரா பேச்சியம்மா அக்கா யாரோடோ வாளிக்குச் சண்டை போடுவது காம்பிராவுக்குள் கேட்டது. என் கம்ப்யூட்டரின் மின்விசிறி பேய் இரைச்சல் போடும். அவர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடக் கூடாதே என்று அதை அணைத்துவிட்டு, கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். கூட்டம் கலைந்து, பீலித் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தபோதும் கம்ப்யூட்டரை நான் திரும்பப் போடவில்லை.