தமயந்தி தவறவிட்ட பஸ்

மனம் ஒன்றிப் படம் பார்ப்பவர்கள் விடும் பெருமூச்சு, படத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். ஆண்டிபட்டியில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் தியேட்டரில் யாரும் மூச்சை அநாவசியமாகச் செலவழிக்க மாட்டார்கள். மாவு மில் மரகதவல்லி மட்டும் அந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்.

சென்னையில் நடக்கும் படங்கள் என்றால் அவளுக்கு உயிர். சென்னைக்குப் போனதில்லை, படம் இருக்கும்போது எதற்கு என்பாள். புதன்கிழமை மில்லுக்கு விடுமுறை. அன்று மதியம் தியேட்டரில் அவளுக்குப் பிடித்த படத்தைத்தான் போடுவார்கள். அதில் பாரிமுனையில் கொட்டுகிற மழையில் தமயந்தி என்ற பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பஸ் போய்விடும். பூட்டிய குடைக்கடை வாசலில் ஒதுங்குவாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் ஒதுங்கியிருப்பான். மிச்சப் படம் முழுக்க அவர்கள் காதல்தான்.

பஸ் கிளம்பும்போதெல்லாம், பிள்ளை நனைகிறதே என்று மரகதவல்லி பெருமூச்சு விடுவாள். ஒரு புதன்கிழமை கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். தமயந்தி ஏறினாள், வீட்டுக்குப் போனாள், ரசஞ்சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். இடைவேளைக்குப் பிறகும் தூங்கினாள். குடைக்கடை வாசலில் அவன் தனியாக நின்றுகொண்டே இருந்தான். தவளை தன் வாயால் கெடும். மரகதவல்லி அடுத்தவர் காதலையல்லவா மூச்சால் கெடுத்துவிட்டாள்.

மேனேஜர் சந்திரபோஸ் கோபப்படவில்லை. அடுத்த வாரம் திரைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, நேரிலேயே போய்க் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னார். உள்ளே மழை என்பதால் குடையும் கொடுத்தார்.

பாரிமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் தமயந்தி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைய ஏத்தாதீகண்ணே,” என்றாள் மரகதவல்லி. “அங்கிட்டு ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்.”

“நீதானேம்மா இத்தினி வருசமா வருத்தப்பட்ட?” என்றார் கண்டக்டர். “நின்ன வண்டில யாராச்சும் ஒருத்தர் ஏறாம நான் விசில் அடிக்க மாட்டேன்.”

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் தான் ஏறினால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. வாரம் முழுக்க மிளகாய் நெடியில் தும்முவதே அந்தக் காட்சிக்காகத்தான். மரகதவல்லி குடையை மடக்கிவிட்டு ஏறினாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். தமயந்தி பஸ்ஸைத் தவறவிட்டாள்.

மனம் கேட்காமல் மரகதவல்லி பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். தியேட்டரில் பார்த்தால் அந்த இடத்தில் அவன் முதுகு மட்டும்தான் தெரியும். இங்கிருந்து முகம் தெரிந்தது. ஒரு பெண் நனைந்தபடி தன் பக்கம் ஓடிவருவதைப் பார்த்து அந்த முகம் மலர்ந்ததை ஆண்டிபட்டியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பெருமூச்சை மட்டும் கவனமாக அடக்கிக்கொண்டாள்.

பஸ் படத்தில் வராத தெருக்களுக்குள் திரும்பியது. அங்கேயும் மழை பெய்தது. ஒரு வீட்டு மாடியில் யாரோ அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆண்டிபட்டி, கடைசி ஸ்டாப். எல்லாம் எறங்கு,” என்றார் கண்டக்டர்.

இறங்கிய பயணிகள் தலையெல்லாம் படத்து மழையின் ஈரம். ஆளுக்கொரு பையில் மிளகாய் வற்றல் மட்டும் நனையாமல் இருந்தது. மில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள். புதன்கிழமை விடுமுறை என்று சொல்ல மரகதவல்லிக்கு மனம் வரவில்லை. மல்லியைச் சேர்த்து அரைப்பதா, தனியாகவா என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள்.